நாயில்லாத ஊருக்கு

திரேஸ்புரம், தூத்துக்குடி
29 மே 2025

அன்புள்ள என்று தொடங்க மனம் வரவில்லை. அதனால் நேராகவே சொல்கிறேன்.

நீங்கள் ஏறிப்போன சரக்குத் தோணி மாலத்தீவு மாலிக்குப் போய்ச் சேர்ந்ததும், அங்கே எஞ்சின் படுத்துவிட்டதும், கச்சான் காற்று ஓயும் வரை துறைமுகத்திலேயே கிடக்க வேண்டும் என்பதும் ஏஜென்ட் ஆபீஸ் பர்னபாஸ் அண்ணன் சொல்லித்தான் எனக்குத் தெரியும். கட்டின பெண்டாட்டியிடம் ஒரு வார்த்தை சொல்லாமல், விடியுமுன் பையைத் தூக்கிக்கொண்டு போன எஞ்சின் ட்ரைவர் இந்தக் கடற்கரையிலேயே நீங்கள் ஒருவராகத்தான் இருப்பீர்கள். ஜெரால்டு உங்களுக்குத் தம்பி என்றால் எனக்கு யார்? நான் இந்த வீட்டுக்கு வந்தபோது அவன் பள்ளிக்கூடத்துக்குப் போகிற பையன். என் கையால் சோறு தின்று வளர்ந்தவன். அவனுடைய முப்பதாம் நாள் பூசை முடிந்த கையோடு நீங்கள் ஓடிவிட்டீர்கள். அவன் சட்டைகள் இன்னும் கொடியில் தொங்குகின்றன. தினமும் அவற்றைப் பார்த்துக்கொண்டு நான்தான் இருக்கிறேன்.

போனில் திட்டலாம் என்றால் நீங்கள் போனைத் தொடுவதில்லை. தோணியை நடத்துகிற தண்டல் தன் போனை நீட்டினாலும் எழுந்து போய்விடுகிறீர்களாம். சரி, அதை நான் கிளறவில்லை. ஆபீஸ் தபால் கவர் சனிக்கிழமை விமானத்தில் போகுமாம். "எழுதிக் குடு தங்கச்சி, நான் அதுக்குள்ள வச்சு அனுப்புதேன்" என்றார் பர்னபாஸ் அண்ணன். அதனால்தான் இது.

ஒரு செய்தி. ரோசி குட்டி போட்டுவிட்டாள். ஜெரால்டின் பழைய வலைக் குவியலுக்குள் போய்ப் படுத்து நாலு போட்டிருக்கிறாள். அவன் வளர்த்த நாய் அவன் வலையில்தான் போடும்போல. கண் திறக்கவில்லை, காது தலையோடு ஒட்டிக் கிடக்கிறது. எலிக்குஞ்சு என்றுதான் முதலில் நினைத்தேன். வேறொன்றும் எழுத இல்லை.

ஞானசௌந்தரி

*

மாலி துறைமுகம்
7 ஜூன் 2025

சௌந்தரி,

திட்டு வந்து சேர்ந்தது. எனக்குத் தகும்.

இந்த நாட்டில் நாயே கிடையாது தெரியுமா? கொண்டுவரவும் கூடாது, வளர்க்கவும் கூடாதாம். தெரு முழுக்கப் பூனைதான். குரைப்புச் சத்தமே இல்லாத ஊரில் காது ஏதோ அடைத்துக்கொண்டதுபோல இருக்கிறது. உன் கடிதத்தில் குட்டிகளைப் பற்றி இருந்த பகுதியைத் தண்டல் ஜேசுபாதம் என்னை இரண்டு முறை வாசிக்கச் சொன்னார். சமையல்காரர் கிருபாநிதி அடுப்பில் குழம்பைத் தீய விட்டுவிட்டு வந்து உட்கார்ந்தார். "அவ்ளோதானா? பொட்டை எத்தனை கடுவன் எத்தனைன்னு எழுதலையா?" என்று உன்மேல் அவருக்குக் கோபம்.

போனைப் பற்றி நீ கிளறவில்லை. நானே சொல்கிறேன், ஒரு தடவைதான் சொல்வேன். அன்று ஜெரால்டு படகிலிருந்து கூப்பிட்டான். "மீன் அறையில பம்பு அடைச்சிருக்கு அண்ணே, ஒரே நாத்தமா இருக்கு" என்றான். "நாத்தத்துக்கு என்னலே பயம், இறங்கிப் பாரு" என்றேன். அழுகிய மீனிலிருந்து விஷக்காற்று வரும் என்று எனக்குத் தெரியாதா? முப்பது வருடம் எஞ்சின் அறையில் இருந்தவனுக்குத் தெரியாதா? வாய் முந்திக்கொண்டது. அவன் விழுந்த சத்தம் வரை அந்தப் போனில் கேட்டேன். இனி எந்தப் போனிலும் நான் யாருக்கும் எதுவும் சொல்வதாக இல்லை.

குட்டிகள் கண் திறந்ததா? எழுது. என்னைப் பிடிக்காவிட்டாலும் எழுது.

மனுவேல்

*

திரேஸ்புரம்
17 ஜூன் 2025

கிருபாநிதி அண்ணனிடம் சொல்லுங்கள்: கடுவன் மூன்று, பொட்டை ஒன்று. கடுவனில் ஒன்று கறுப்புக் குண்டன், ஒன்று செவலை, ஒன்று வெள்ளைக்காலன்; பொட்டைதான் எல்லாவற்றிலும் சின்னது.

கண் திறந்துவிட்டன. முதலில் ஒரு கீறல் மாதிரி, பிறகு முழுதாக. கலங்கிய நீலத்தில் இருக்கிறது கண். என்னைப் பார்க்கிறதா, சுவரைப் பார்க்கிறதா என்று சொல்ல முடியாது. எழுந்து நிற்கப் பார்க்கின்றன. முன்கால் நின்றால் பின்கால் நிற்பதில்லை. பின்கால் நின்றால் மூக்கு தரையில் இடிக்கிறது. இடித்ததும் அப்படியே தூங்கிவிடுகின்றன! எழுந்திருக்க வந்த வேலை மறந்துபோகிறது.

வலையில் கால் மாட்டிக்கொள்கிறதே என்று என் சுளகில் பழைய சேலையை விரித்துப் போட்டேன். அரிசி புடைக்கிற சுளகு இப்போது அவர்களுக்குத்தான். நாலும் ஒன்றன்மேல் ஒன்றாக அதற்குள் கிடக்கின்றன. அடியில் இருக்கிறது கத்தும், நெளிந்து மேலே வரும், உடனே இன்னொன்று அடியில் போய்க் கத்தும். தூக்கத்தில் பால் குடிப்பதுபோல வாயைச் சப்புகின்றன. குனிந்து முகர்ந்து பார்த்தேன், வாயில் பால் வாசம். அடுத்த வீட்டுக் கிருபை வந்து, "ஏளா சௌந்தரி, நீ சிரிச்சு எத்தனை நாளாச்சு" என்றாள். நான் சிரித்ததே எனக்குத் தெரியாது.

உங்கள்மேல் கோபம் போய்விட்டது என்று நினைக்க வேண்டாம். ஒழுங்காகச் சாப்பிடுங்கள்.

ஞானசௌந்தரி

*

மாலி துறைமுகம்
26 ஜூன் 2025

அன்புள்ள சௌந்தரி,

நீ எழுதாவிட்டாலும் நான் அன்புள்ள போடுகிறேன்.

இங்கே பெரிய சண்டை. கறுப்புக் குண்டன் எனக்குத்தான் என்று தண்டல் சொல்லிவிட்டார், பீரங்கி என்று பேரும் வைத்துவிட்டார். செவலைக் குட்டி கிருபாநிதிக்கு, பேர் சுக்கு. வெள்ளைக்காலனுக்கு இரண்டு பேர் மோதிக்கொண்டிருக்கிறார்கள். அந்தச் சின்னப் பொட்டைக்குட்டி நமக்கு. அவளுக்குப் பேர் வைத்துவிடாதே, நான் வந்து முகத்தைப் பார்த்து வைக்கிறேன். குட்டி தூக்கத்தில் சப்புகிறதை நான் வாசித்தபோது, பேரன் எடுத்த கிழவர் தண்டல் தன் வாயைச் சப்பிக் காட்டினார். எல்லாரும் சிரித்தோம். நானும்தான்.

உன்னிடம் மறைக்கக் கூடாது என்பதால் சொல்கிறேன், பயந்துவிடாதே. உன் முதல் கடிதம் வருவதற்கு முன்னால் ஒருநாள் நான் தோணியின் ஓரப் பலகையில் ஏறி நின்றேன். மீன் பிடிக்க நிற்கவில்லை. தண்டல் சட்டையைப் பிடித்து இழுத்துப் போட்டார், கெட்ட வார்த்தையில் திட்டினார். அதன்பிறகு என்னைத் தனியாக விடுவதில்லை. இப்போது அந்த எண்ணம் இல்லை. அடுத்த கவரில் குட்டிகள் என்ன செய்திருக்கும் என்று யோசித்துக்கொண்டே பொழுது போகிறது. ஜெரால்டின் வீட்டில் ஏதோ ஒன்று வளர்கிறது என்பதே போதும்போல இருக்கிறது.

மனுவேல்

*

திரேஸ்புரம்
6 ஜூலை 2025

அன்புள்ளவருக்கு,

போட்டுவிட்டேன், பார்த்துக்கொள்ளுங்கள். இனி ஓரப் பலகையில் ஏறினால் நான் நீந்தியே வந்து உங்களை அடிப்பேன்.

பீரங்கி குரைத்துவிட்டான். ஒரே ஒரு தடவை. அந்தச் சத்தம் எங்கிருந்து வந்தது என்று அவனே திரும்பித் திரும்பிப் பார்த்தான். பிறகு பயந்துபோய் ரோசியின் வயிற்றுக்கடியில் ஒளிந்துகொண்டான். சுக்கு உங்கள் ரப்பர் செருப்பில் ஒன்றை முழுதாகத் தின்றுவிட்டது, மற்றதைப் பாதுகாக்கிறது, நான் எடுக்கப் போனால் உறுமுகிறது. பல் ஊசி மாதிரி. அதனால் ரோசி இப்போதெல்லாம் படுத்துப் பால் கொடுப்பதில்லை, நின்றுகொண்டே கொடுக்கிறாள், அவையும் பின்கால்களில் நின்று தொங்குகின்றன. வெள்ளைக்காலன் தன் வாலை நேற்றுத்தான் கண்டுபிடித்தான். பிடித்துக் கடித்து, வலித்ததும் மற்றவர்களைக் குற்றம் சொல்லிக் கத்துகிறான். உங்கள் வம்சம்தான் சந்தேகமே இல்லை. அந்தச் சின்னது யாரோடும் சண்டைக்குப் போவதில்லை. நான் மீன் அறுக்கும்போது என் பாதத்தின்மேல் வந்து உட்கார்ந்துகொள்ளும். கால் மரத்துப்போனாலும் எனக்கு நகர மனம் வருவதில்லை.

ஒரு சின்ன விஷயம். நாலுக்கும் சொறி வந்திருக்கிறது. காதோரமும் வயிற்றிலும் முடி கொட்டிவிட்டது. ஓயாமல் சொறிகின்றன. சின்னதுக்குத் தோல் சிவந்து புண்ணாகியிருக்கிறது. வேப்பிலை அரைத்துப் போட்டேன், கேட்கவில்லை. என்ன செய்யட்டும்?

உங்கள் ஞானசௌந்தரி

*

மாலி துறைமுகம்
13 ஜூலை 2025

அன்புள்ள சௌந்தரி,

சொறிக்கா இவ்வளவு யோசனை? பின்கட்டில் படிக்குக் கீழே தகர டப்பாவில் எஞ்சினிலிருந்து வடித்த வேஸ்ட் ஆயில் இருக்கும். பழைய துணியில் நனைத்து உடம்பு முழுக்க நன்றாகப் பூசிவிடு. கழுவாதே, ஊறட்டும். நம் கடற்கரையில் எந்த நாய்க்கு அது பூசவில்லை? ரோசிக்கே ஒருமுறை ஜெரால்டு பூசினானே, எப்படிப் பளபளவென்று முடி வந்தது! நாலு நாளில் சொறி ஓடிவிடும். தாமதிக்காதே. இங்கே எல்லாரும் பீரங்கி குரைத்ததைப் பற்றித்தான் பேச்சு.

மனுவேல்

*

திரேஸ்புரம்
24 ஜூலை 2025
(இதை நான் அனுப்பப்போவதில்லை. எழுதாமல் இருக்கவும் முடியவில்லை.)

நாலும் போய்விட்டன.

கடிதம் வந்த அன்றே பூசினேன். பளபளவென்று கறுப்பாக, எல்லாம் ஒரே நிறத்தில் ஆகிவிட்டன. எது சுக்கு, எது பீரங்கி என்று தெரியாமல் சிரித்தேன். ஒன்றையொன்று நக்கிக்கொண்டே இருந்தன. ரோசியும் நக்கினாள். மறுநாள் பாலுக்கு எழுந்திருக்கவில்லை. வாந்தி. உடம்பு நடுங்கியது. மீன் கூடையில் வைத்து ஆட்டோவில் மாட்டாஸ்பத்திரிக்கு ஓடினேன். பீரங்கி போகிற வழியிலேயே இறந்துவிட்டான்.

டாக்டர் என் கையை முகர்ந்து பார்த்தார். "வேஸ்ட் ஆயிலாம்மா தடவுனீங்க? அது விஷம்லா. நக்கி நக்கி உள்ள போயிருக்கு, தோல் வழியாவும் இறங்கும்."

"எல்லாரும் அதைத்தான சார் போடுதாங்க?"

"பெரிய நாய் தாங்கிரும்மா. குட்டி எப்படித் தாங்கும்?"

மற்ற மூன்றையும் காப்பாற்ற அவர் பார்த்தார். முடியவில்லை. சின்னது கடைசி. பேர் இல்லாமலே போய்விட்டது. கிருபையும் நானும் சேர்ந்து கடலோர மணலில் குழி வெட்டிப் புதைத்தோம். ரோசி பிழைத்துக்கொண்டாள். பால் கட்டிக்கொண்டு அவளுக்கு மடி கல்லாகிவிட்டது. அந்த இடத்தைப் போய்ப் போய்த் தோண்டுகிறாள். நான் மணலை மூடுகிறேன், திரும்பவும் தோண்டுகிறாள்.

கேட்டது நான். பூசியதும் இந்தக் கைதான். ஆனால் நீங்கள் அப்படி நினைக்கமாட்டீர்கள். 'இரண்டாவது தடவையும் என் வாய்தான் கொன்றது' என்பீர்கள். உங்களைச் சுற்றிலும் தண்ணீர். தண்டல் எத்தனை நாள் உங்கள் சட்டையைப் பிடித்துக்கொண்டே நிற்பார்? கிருபையிடம் அழுதேன். "உண்மையைச் சொல்லிரு" என்கிறாள் அவள். அவளுக்கென்ன, அவள் புருசன் வீட்டில் பத்திரமாகக் குறட்டை விடுகிறான்.

எனக்கு நீங்கள் வேண்டும். அவ்வளவுதான்.

*

திரேஸ்புரம்
26 ஜூலை 2025

அன்புள்ளவருக்கு,

பனிமய மாதா கோயிலில் கொடியேறிவிட்டது. ஊரெல்லாம் கூட்டம். அதனால் சுருக்கமாக எழுதுகிறேன். நீங்கள் சொன்னபடியே பூசினேன், சொறி போய்விட்டது. நாலும் நன்றாக இருக்கின்றன. உங்கள் மற்றச் செருப்பும் போய்விட்டது. உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். தண்டல் சொல்கிறதைக் கேளுங்கள்.

உங்கள் ஞானசௌந்தரி

*

மாலி துறைமுகம்
6 ஆகஸ்ட் 2025

அன்புள்ள சௌந்தரி,

பார்த்தாயா, நான் சொன்னேன் இல்லையா! உன் கடிதம் வந்ததும் எல்லாரிடமும் சொல்லித் தீர்த்துவிட்டேன். கிருபாநிதி அன்றைக்குப் பாயசம் வைத்தார். நேற்று மாதா திருநாளுக்கு நாங்கள் தோணியிலேயே செபமாலை சொன்னோம். எனக்கு அழுகை வந்தது, ஆனால் அது பழைய அழுகை இல்லை.

நான் வாய் திறந்தாலே கெடுதல்தான் என்று இருந்தேன் சௌந்தரி. எவ்வளவு தூரத்திலிருந்து ஒரு வார்த்தை எழுதினேன், நாலு உயிருக்குச் சுகமாகியிருக்கிறது. கேட்டால் சின்ன விஷயம்தான். தண்டல் நேற்றுத் தன் போனை என் மடியில் வைத்தார். நான் தூக்கி எறியவில்லை. கொஞ்ச நேரம் கையில் வைத்திருந்தேன். இன்னும் பேசத் தைரியம் வரவில்லை, வந்துவிடும்.

எஞ்சினுக்குச் சாமான் வந்து இறங்கிவிட்டது, மாட்டிக்கொண்டிருக்கிறேன். குட்டிகளைப் பற்றி நிறைய எழுது. போன தடவை மிச்சம் பிடித்துவிட்டாய்.

மனுவேல்

*

திரேஸ்புரம்
16 ஆகஸ்ட் 2025

அன்புள்ளவருக்கு,

நிறைய எழுதச் சொன்னீர்கள். பீரங்கி குரைக்கிறான், குரைத்துவிட்டு அவனே பயப்படுகிறான். வெள்ளைக்காலன் வாலைப் பிடிக்கச் சுற்றிச் சுற்றி விழுகிறான். வாசல்படி ஏறத் தெரியவில்லை, முன்காலை வைத்துவிட்டு என்னைப் பார்த்து அழுகின்றன. நான்தான் ஒவ்வொன்றாகத் தூக்கி வைக்கிறேன். சின்னது என் பாதத்தின்மேல்தான் உட்கார்ந்திருக்கிறது. தூங்கும்போது நாலும் சுளகில் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கின்றன, வாயில் பால் வாசம் அடிக்கிறது. ரோசி கொஞ்சம் இளைத்திருக்கிறாள், தேறிவிடுவாள்.

எஞ்சினைப் பார்த்து மாட்டுங்கள். கையை அடித்துக்கொள்ளாதீர்கள்.

உங்கள் ஞானசௌந்தரி

*

மாலி துறைமுகம்
27 ஆகஸ்ட் 2025

சௌந்தரி,

இந்தத் தடவை வந்த உன் கடிதத்தை நான் யாருக்கும் வாசித்துக் காட்டவில்லை. வரவில்லை என்று சொல்லிவிட்டேன்.

மூன்று மாதக் குட்டிக்கு வாயில் பால் வாசம் இருக்காது. வாசல்படியை ஏற அது உன்னைக் கேட்காது, தெருக்கோடி வரை ஓடித் திரும்பும். உன் சுளகு எவ்வளவு பெரியது என்று எனக்குத் தெரியும். அந்த வயதில் இரண்டு படுத்தாலே காணாது, நாலு எப்படிப் படுக்கும்? நீ எழுதுகிற குட்டிகள் ஜூலை மாதத்திலிருந்து வளரவே இல்லை. முதலில் உனக்கு எழுதச் சலிப்போ என்று பார்த்தேன். பிறகு பழைய கடிதத்தை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். வார்த்தைகூட மாறவில்லை.

எத்தனை இருக்கிறது? ஒன்றாவது இருக்கிறதா?

நான் சொன்ன அந்த எண்ணெயாலா? அதை மட்டும் சொல். சுற்றி வளைக்காமல் சொல்லிவிடு. தோணி அடுத்த வாரத்துக்குள் கிளம்பும் என்கிறார்கள். உன் பதில் வராமல் நான் ஏறுவதாக இல்லை. பதில் என்னவாக இருந்தாலும் எனக்குத் தெரிய வேண்டும்.

மனுவேல்

*

திரேஸ்புரம்
2 செப்டம்பர் 2025

அன்புள்ளவருக்கு,

பர்னபாஸ் அண்ணனைக் கெஞ்சி, சனிக்கிழமைக்குக் காத்திராமல் இன்றைக்கே மாலிக்குப் பறக்கிற ஒருவர் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

நாலும் இல்லை. மறைத்தது தப்புதான், நேரில் வந்து எவ்வளவு வேண்டுமானாலும் திட்டுங்கள். ஆனால் எண்ணெயால் இல்லை. இந்தப் பக்கம் குட்டிகளுக்கெல்லாம் ஒரு காய்ச்சல் வந்தது, வாந்தியும் பேதியுமாக. நம் தெருவில் எத்தனையோ போயின, நம் நாலும் அதில் போயின. டாக்டரும் அதைத்தான் சொன்னார்.

பூசச் சொல்லி உங்கள் கடிதம் வந்ததும் படிக்குக் கீழிருந்து அந்த டப்பாவை எடுத்தேன். மூடியைத் திறந்தால் குடலைப் பிடுங்குகிற நாற்றம். இந்தச் சின்ன உடம்பில் போய் இதை யார் பூசுவார்கள் என்று அப்படியே சாக்கடையில் கவிழ்த்துவிட்டேன். உங்களுக்குக் கோபம் வருமே என்று பூசியதாக எழுதினேன். கல்யாணமான நாளிலிருந்து நீங்கள் சொன்ன எதை நான் அப்படியே செய்திருக்கிறேன்? இதை மட்டும் செய்வேனா?

நீங்கள் நம்பமாட்டீர்கள் என்று எனக்குத் தெரியும். அதனால் பனிமய மாதா மேல் ஆணையாகச் சொல்கிறேன், அந்த எண்ணெய் குட்டிகள்மேல் ஒரு சொட்டுப் படவில்லை. மாதா பேரில் பொய்ச்சத்தியம் செய்துவிட்டுப் போய்ச் சாமியார் கையால் நன்மை அப்பம் வாங்குகிறவள் நான் இல்லை என்று உங்களுக்கே தெரியும். உங்கள் வார்த்தை யாரையும் கொல்லவில்லை. இதை வாசித்துவிட்டுத் தண்டலின் போனை வாங்கி என்னிடம் ஒரு வார்த்தை பேசுங்கள். வருகிறேன் என்று மட்டும் சொன்னால் போதும். பிறகு தோணியில் ஏறுங்கள்.

வந்த முதல் ஞாயிற்றுக்கிழமை நாம் கோயிலுக்குப் போவோம், ஜெரால்டுக்குப் பூசை சொல்லியிருக்கிறேன். நீங்கள் முன்னால் போய் நன்மை வாங்குங்கள். ரோசி இப்போதெல்லாம் தனியாக இருக்க மாட்டேன் என்று கோயில் வாசல் வரை என் பின்னாலேயே வந்துவிடுகிறாள். நான் அவளோடு வெளியில் நிற்கிறேன்.

உங்கள் ஞானசௌந்தரி